இப்போதைக்கு வேண்டாம்

— கதவைச் சாத்திட்டு உக்காருங்கக்கா. அந்த நாற்காலி வேண்டாம், சக்கரம் கழண்டது. இதுல உக்காருங்க.

— கதவைச் சாத்தச் சொல்றீங்கன்னா விஷயம் பெருசுதான். மேனேஜரா வந்து ரெண்டு மாசம் முழுசா ஆகல, அதுக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்பற யோசனையா தம்பி?

— ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. இங்க தூங்கற லிஸ்ட்னு சொல்றீங்களே, அதுக்கு என்ன விதி?

— பன்னெண்டு வருஷமா ஃபோன்ல தண்ணி மெஷின் விக்கறேன், என்கிட்டயே பரீட்சையா? சரி, கேளுங்க. வாடகை வீடுன்னு சொன்னா அந்த நம்பரை ஒரு வருஷம் தூங்க வைக்கணும். ஏற்கெனவே மெஷின் இருக்குன்னா ரெண்டு வருஷம், அதுக்குள்ள அது பழசாயிடும். இப்போதைக்கு வேண்டாம்னா முப்பது நாள். அந்தந்தத் தேதில கம்ப்யூட்டரே எழுப்பி எங்க முன்னாடி நிறுத்தும், நாங்க மறுபடி கூப்பிடுவோம்.

— எப்பவுமே வேண்டாம்னு சொல்லிட்டா?

— செத்த லிஸ்ட். அங்க போனது போனதுதான். அவங்களா மனசு மாறி நம்மளக் கூப்பிட்டாத்தான் உண்டு. அப்படி யாராவது கூப்பிட்டு நான் பாத்ததில்ல.

— மேலிடத்துல இந்த விதியெல்லாம் மாத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. அதுக்காக எந்த நம்பர் எத்தனை தடவை தூங்கி எழுந்திருக்குன்னு நேத்து எடுத்துப் பாத்தேன். மூணு தடவை, நாலு தடவை, மிஞ்சிப் போனா அஞ்சு. ஒரே ஒரு நம்பர் மட்டும் இருபத்தேழு தடவை.

— அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு யாராவது பாவம் முட்டிப் பாத்திருப்பாங்க.

— இருபத்தேழும் நீங்கக்கா.

— அந்த ஏசி சொட்டுது பாருங்க, வாளி நெறஞ்சுடுச்சு. ஊருக்கெல்லாம் சுத்தத் தண்ணி குடுக்கறோம்னு பீத்திக்கறோம், நம்ம கூரைலேர்ந்து வர்ற தண்ணியப் பிடிக்க ஆளில்ல.

— அக்கா.

— சொல்லுங்க, காது இங்கதான் இருக்கு.

— முப்பது நாளைக்கு ஒரு தடவை, காலைல பதினோரு மணிக்கு. ஒவ்வொரு தடவையும் காரணம் ‘இப்போதைக்கு வேண்டாம்’. நேத்து உக்காந்து அந்தப் பதிவையெல்லாம் கேட்டேன்.

— எல்லாத்தையுமா?

— இருபத்தேழையும்.

— உங்களுக்கு வீட்ல வேலை ஒண்ணும் இல்லையா தம்பி?

— ஒரு தடவை அந்தப் பொண்ணு வாடகை வீடுங்கறாங்க. விதிப்படி ஒரு வருஷம். இன்னொரு தடவை மெஷின் இருக்குங்கறாங்க. அது ரெண்டு வருஷம். நீங்க எல்லாத்துக்கும் முப்பது நாள்னே அழுத்தியிருக்கீங்க. எண்ணிக்கை காட்டறதுக்காகப் பண்றாங்கன்னு நெனச்சேன். ஆனா இந்தத் தளத்துலயே அதிகமா விக்கறது நீங்கதான். அதான் புரியல.

— புரியாமலே இருந்துட்டுப் போகட்டுமே.

— நாலு மணிக்கு மேலிடத்துக்கு எழுதணும்கா. நீங்க காரணம் சொன்னா அதை எழுதுவேன். சொல்லலேன்னா, வேணும்னே பொய்க் காரணம் போட்டாங்கன்னு எழுதணும். அப்பறம் உங்களை இந்த நாற்காலில உக்கார வைக்க என்னால முடியாது.

— அந்த நம்பரை லிஸ்டுக்குள்ள கொண்டுவந்தது யாருன்னு பாத்தீங்களா?

— பாத்தேன். அதுவும் நீங்கதான். ஆளுக்கு அஞ்சு தெரிஞ்சவங்க நம்பர் குடுங்கன்னு ஒரு தடவை எல்லாரையும் நச்சரிச்சாங்களாமே, அப்பக் குடுத்திருக்கீங்க. உறவுங்கற இடத்துல ‘அறிமுகம்’னு போட்டிருக்கு.

— அறிமுகம்தான். பத்து மாசம் வயித்துல வச்சிருந்தப்பவே அறிமுகம்.

— உங்க பொண்ணா?

— ஒரே பொண்ணு.

— அக்கா, நீங்க அவங்கள மேடம்னு கூப்பிடறீங்க. அவங்க உங்களை வாங்க போங்கன்னு பேசறாங்க.

— அது கம்பெனிக் குரல் தம்பி. கொஞ்சம் மூக்கால, கொஞ்சம் சிரிச்ச மாதிரி. கம்பெனி வச்ச பேரு. அவளுக்கு நான்னு தெரியாது. என் ஃபோன்லேர்ந்து போட்டா ஒரு ரிங்கோட நின்னுடும், என் நம்பரை அடைச்சு வச்சிருக்கா. இங்கேர்ந்து போட்டா எடுப்பா. ‘வேண்டாங்க, இப்ப வேண்டாங்க’ம்பா. நாப்பது செகண்ட். அதுக்குள்ள எனக்கு எல்லாம் தெரிஞ்சுடும். சளி பிடிச்சிருக்கா, நல்லாத் தூங்கினாளா, அடுப்புல ஏதாவது தாளிக்கறாளான்னு. வச்சதும் முப்பது நாளை எண்ண ஆரம்பிச்சுடுவேன்.

— ஏன் அடைச்சு வச்சாங்க?

— நான் பேசின பேச்சுக்கு. மனசுக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டா. அவங்கப்பா சரின்னுட்டாரு. நான்தான் முடியவே முடியாதுன்னு நின்னேன். அந்தப் பையன் மேல என்ன குறைன்னு இன்னிக்குக் கேட்டா சொல்லத் தெரியல. என்னைக் கேக்காமப் பண்ணிக்கிட்டா, அவ்வளவுதான் குறை. எட்டு மாசத்துல அவங்கப்பா போயிட்டாரு. காலைல செருப்பு மாட்டக் குனிஞ்சவரு நிமிரல.

— அப்ப வந்தாங்களா?

— வந்தா. புருஷனையும் கூட்டிக்கிட்டு மூணு மாடி ஏறி வந்தா. சங்கிலியைப் போட்டுக்கிட்டே கதவைத் திறந்தேன். அந்த இடுக்குல அவ முகம் பாதிதான் தெரிஞ்சுது. அப்பாவப் பாக்கணும்மான்னா. வேண்டாம்னேன். அப்ப ஒண்ணு கேட்டா.

— என்ன கேட்டாங்க?

— எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களே, ஒவ்வொருத்தர்கிட்டயும் கடைசியாக் கேட்டே ஆகணும்னு.

— இப்போதைக்கு வேண்டாமா, எப்பவுமே வேண்டாமாங்கறதா?

— அதேதான். ‘இப்போதைக்கு வேண்டாமாம்மா, எப்பவுமே வேண்டாமா’ன்னு கேட்டா. நிதானமாத்தான் கேட்டா. சண்டைக்கு வந்த மாதிரி இல்ல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எப்பவுமேன்னேன்.

— ம்.

— இப்போதைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முப்பது நாள் கழிச்சு வந்திருப்பா தம்பி. எனக்குத் தெரியும் என் பொண்ணை. அன்னிக்கு ரெண்டு பேரும் படி இறங்கற சத்தம் மட்டும் கேட்டுது. ஒரு நாளைக்கு எண்பது பேர்கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கறேன். அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு கேட்டுப் பட்டனை அழுத்தறேன். ஒரு நாள்கூட அவ முகம் வராம அந்தக் கேள்வியை நான் கேட்டதில்ல.

— தண்ணி குடிங்கக்கா.

— நம்ம மெஷின் தண்ணியா? குடுங்க, குடுங்க. வித்த பாவத்துக்குக் குடிச்சுத்தானே ஆகணும்.

— இதை அப்படியே எழுதினா மேலிடத்துல ஒருவேளை மன்னிச்சு விட்டுடுவாங்க. அவங்களும் மனுஷங்கதான். ஆனா இருபதாவது கால்னு ஒண்ணு இருக்கு.

— அதை விட்டுடுங்க.

— விட முடியாது. முதல் பத்தொம்பது தடவையும் எப்படியோ சமாளிச்சுச் சொல்லிக்கலாம். இருபதாவது தடவை நீங்க அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவங்க கூப்பிடாதீங்கன்னு தெளிவா சொல்லிட்டாங்க. அந்த நிமிஷமே செத்த லிஸ்டுக்குப் போயிருக்கணும். அதுக்கப்பறமும் ஏழு தடவை கூப்பிட்டிருக்கீங்க. வேண்டாம்னு சொன்னவங்களைக் கூப்பிட்டா கம்பெனி மேல வழக்கே போடலாம்.

— என் பொண்ணு நம்பரைக் கொண்டுபோய் என் கையாலயே செத்த லிஸ்ட்ல போடச் சொல்றீங்களா?

— அது வெறும் பேருக்கா. நீங்கல்லாம் வச்ச பேரு. கம்ப்யூட்டர்ல அதுக்கு ‘நிரந்தர விலக்கு’ன்னு போட்டிருக்கு.

— உங்களுக்குப் பேரு. அந்தப் பட்டன் மேல விரலைக் கொண்டுபோனேன் தம்பி. போனேன், முடியல. ஒரு தடவை வாயால பண்ணேன், மறுபடி விரலாலயும் பண்ணணுமான்னு பக்கத்துப் பட்டனை அழுத்திட்டேன். பொய்தான். எழுதிக்குங்க.

— நீங்க அழுத்த வேண்டாம். நானே அழுத்திடறேன். இன்னிக்கே.

— ஒரே ஒரு தடவை விடுங்க. இந்தத் தடவை எழுந்திருக்கட்டும், அதுக்கப்பறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.

— எதுக்கு?

— இப்பல்லாம் அவ எடுக்கறதில்ல. இருபத்திரெண்டு, இருபத்திமூணு, இருபத்திநாலு, மூணு தடவையும் ஃபோன் அணைஞ்சே கெடந்தது. செத்தேன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் அவரு எடுக்க ஆரம்பிச்சாரு.

— யாரு?

— எங்க மாப்ள.

— ஓ.

— மூணு மாசமா அவருதான் எடுக்கறாரு. நீங்கதான் கேட்டிருப்பீங்களே, எவ்வளவு தன்மையான குரல். ‘வேண்டாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க’ம்பாரு. இவரையா நான் படியிலயே நிக்க வச்சேன்னு இருக்கு. அன்னிக்குக் கதவுக்கு வெளில ‘அத்தை’ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாரு, அதைத் தவிர அவர் குரலை நான் கேட்டதே இல்ல. போன தடவை வாய் தவறி சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டேன்.

— கேட்டேன்.

— சிரிச்சாரு. ஆச்சும்மான்னாரு. அப்ப பின்னாடி ஒரு குழந்தை சிணுங்குச்சு. கேட்டீங்கல்ல? தொட்டில்லேர்ந்து தூக்கச் சொல்லி அழற அழுகை அது, பசி அழுகை இல்ல. ஆறு மாசம் இருக்கும். பேரனா பேத்தியான்னு தெரியல. பேத்தின்னு வச்சுக்கிட்டேன். அதுக்கு ஒரு பேருகூட வச்சு, துணி மடிக்கும்போதெல்லாம் கூப்பிட்டுப் பாக்கறேன். இந்தத் தடவை கம்பெனிக் குரலை விட்டுட்டு, ‘மாப்ள, நான்தான் பேசறேன், அவகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க’ன்னு கேக்கப்போறேன். அவரு குடுப்பாரு. அதுக்கு மட்டும் அந்த நம்பரை உசுரோட விடுங்க தம்பி. அப்பறம் என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சந்தோஷமாப் போயிடறேன்.

— அக்கா.

— உங்க கால்ல வேணா விழறேன். வயசுல சின்னவர்னு பாக்க மாட்டேன்.

— அய்யோ, உக்காருங்க. முதல்ல உக்காருங்க. நான் ஏன் அந்த நம்பரைத் தோண்டினேன்னு நீங்க கேக்கவே இல்ல.

— விதியை மாத்தறதுக்காகன்னு சொன்னீங்களே.

— அது பாதிதான். நேத்துக் காலைல ஒரு கடிதம் வந்தது. அந்த நம்பர்க்காரர் எழுதினது. கோபமா இல்ல. படிக்கறேன், கேளுங்க. ‘உங்க கம்பெனிலேர்ந்து ஒரு அம்மா மாசாமாசம் கூப்பிடறாங்க. வேண்டாம்னா வைக்காம, சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. கடைசியா கூப்பிட்டப்ப குழந்தை அழுத சத்தம் கேட்டு, தூக்கி வச்சுக்குங்கன்னு சொல்லிட்டு அழுதாங்க. அவங்களுக்கு ஏதோ பெரிய கஷ்டம்னு தோணுது. யாராவது விசாரியுங்க.’

— பாத்தீங்களா, அந்தப் புள்ளைக்கு என்ன ஒரு மனசு.

— இன்னும் ஒரு வரி இருக்குக்கா.

— படிங்க.

— ‘இந்த நம்பரை நான் வாங்கி மூணு மாசம்தான் ஆகுது. முன்னாடி வச்சிருந்தவங்களைத் தேடறாங்களோ என்னவோ.’

— என்ன நம்பரை?

— சிம் கார்டுக்கா. பழைய ஆள் விட்டுட்டாங்கன்னா கொஞ்ச நாள் கழிச்சு அதே நம்பரை வேற ஆளுக்குக் குடுப்பாங்க. இவர் வேற யாரோ. நானே நேத்து அவர்கிட்ட பேசினேன். உங்க பொண்ணு யாருன்னே அவருக்குத் தெரியாது.

— மாப்ள இல்லையா?

— இல்லக்கா.

— அப்ப அந்தக் குழந்தை?

— அவரோட குழந்தை.

— பேத்தி இல்ல.

— இல்ல.

— சரி. நல்லா இருக்கட்டும். யார் குழந்தையா இருந்தா என்ன, நல்லா இருக்கட்டும். நான் ஒரு பைத்தியக்காரி தம்பி. ஊர்ல எவன் புள்ளைக்கோ பேரு வச்சிருக்கேன் பாருங்க.

— இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான், நம்பரை மட்டும் சத்தமில்லாம மூடிடலாம்னு பாத்தேன். நீங்க ஒம்பது நாள் கேட்டீங்க.

— அவ எங்க இருக்கா?

— தெரியலக்கா. தேடறதுக்கு நம்மகிட்ட வேற ஒண்ணும் இல்ல.

— தேடி மட்டும் என்ன. அவ சொன்னது சரிதானே. நான் அன்னிக்கு எப்பவுமேன்னேன். நாலு வருஷம் கழிச்சு அந்தக் கேள்வியை நான் கேட்டேன், அவ எப்பவுமேன்னா. வினை விதைச்சவ வினை அறுத்தேன். கணக்கு நேராயிடுச்சு. பட்டனை அழுத்துங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— அவங்க அப்படிச் சொல்லல.

— நான் கேட்டேனே தம்பி. இந்தக் காதால கேட்டேன்.

— என்ன கேட்டீங்க?

— ‘எப்பவுமே வேண்டாம். இனிமே கூப்பிடாதீங்க.’

— ‘மெஷின் எப்பவுமே வேண்டாங்க. இனிமே இப்படிக் கூப்பிடாதீங்க.’ இதான் பதிவுல இருக்கறது. நாலு தடவை கேட்டேன்.

— எல்லாம் ஒண்ணுதான்.

— அதுக்கப்பறம் நீங்க என்ன பண்ணீங்க?

— காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி மேஜைல போட்டுட்டு பாத்ரூமுக்குப் போயிட்டேன். குழாயைத் திறந்துவிட்டுட்டு நின்னுக்கிட்டிருந்தேன். வந்து பாத்தா லைன் போயிருந்தது.

— கட் பண்ணிட்டுப் போகல.

— கை வரல. ஏன் கேக்கறீங்க?

— அதுக்கு முன்னாடி இருந்த கால் எல்லாம் நாப்பது செகண்ட், அம்பது செகண்ட். அந்த ஒரு கால் ரெண்டு நிமிஷத்துக்குக் கிட்ட ஓடியிருக்கு. லைன்ல அவங்க இருந்திருக்காங்க.

— ரெண்டு நிமிஷமா?

— பதிவு ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. கேக்கறதுக்கு நீங்க இல்ல.

— என்ன சொன்னா?

— முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அதுக்கடுத்த மாசம் கூப்பிட்டீங்களே, இருபத்தொண்ணாவது. நாலே செகண்ட். அப்ப என்ன ஆச்சு?

— அதுவா. முதல் ரிங்குலயே எடுத்தா. பக்கத்துலயே வச்சிருந்தா போல. வணக்கம் மேடம்னேன். ஒண்ணும் பேசல, வச்சுட்டா. சரி, கோபம் இன்னும் தீரலன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம்தான் ஃபோன் அணைஞ்சு கெடந்தது. ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

— அக்கா, நேத்தே இதைக் கேட்டுட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி உங்களையே சொல்ல விட்டேன். இதை நீங்க கேக்காமலே இருந்துடலாம். நான் அழிச்சுடறேன். கேட்டாலும் இப்ப ஒண்ணும் பண்ண முடியாது.

— என் பொண்ணு பேசினதை எனக்குக் கேக்க விடாம நீங்க வச்சுக்குவீங்களா?

— இல்லக்கா.

— அப்பப் போடுங்க. அவ திட்டியிருந்தாலும் பரவாயில்ல. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க.

— நீங்க எழுந்து போனதுக்கு அப்பறம் இருக்கறதை மட்டும் போடறேன். உங்க குரல் இதுல இல்ல, அவங்க மட்டும்தான். இந்தாங்க, காதுல மாட்டிக்குங்க. ஆரம்பிச்சுடுச்சு.

— அம்மா… லைன்ல இருக்கியாம்மா? நீதான்னு எனக்கு மொத தடவையே தெரியும், உன் மூச்சு எனக்குத் தெரியாதா… அடுத்த மாசக் கடைசில நாங்க நாட்டை விட்டே போறோம்மா, இந்த நம்பர் இருக்காது… அதுக்குள்ள இன்னொரு தடவை கூப்பிடுவல்ல, நான் ஃபோனைக் கையிலயே வச்சிருக்கேன்… அப்பயாவது என்னை மேடம்னு கூப்பிடாதம்மா.